மவுத்தார்கன் தாத்தாவும் 39 டாலர் 41 சென்ட்டும்

மவுத்தார்கன் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது திருவிழாக் கடைதான். பலூன், பீப்பி, பிளாஸ்டிக் கூலிங்கிளாஸ், கூடவே ஒரு தகர மவுத்தார்கன். வாங்கி வந்த அன்று வீடே காதைப் பொத்திக்கொள்ளும். மறுநாள் அது பீரோவுக்கு அடியில் போய்விடும். ஆகவே, 78 வயதில் ஒருவர் மவுத்தார்கன் வாசித்து ஆல்பம் போட்டிருக்கிறார், கேள் என்று நண்பன் ஒருவன் சொன்னபோது அதில் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். பரீட்சைக்குப் படிக்கும்போது பின்னணியில் ஓடட்டுமே என்று போட்டுவிட்டேன். அன்று படிப்பு நடக்கவில்லை.

ஆல்பத்தின் பெயர் 'மிசிசிப்பி சன்'. 2022ல் வந்தது. பாடியவர் சார்லி மஸ்ஸெல்வொயிட். (2025ல் 'லுக் அவுட் ஹைவே' என்று இன்னொரு ஆல்பமும் போட்டுவிட்டார். நான் இன்னும் பழையதிலிருந்தே வெளியே வரவில்லை.) பதினான்கு பாட்டுகள். உண்மையைச் சொன்னால் முதல் தடவை கேட்டபோது ஏமாற்றம்தான். மவுத்தார்கன் தாத்தா என்று சொல்லிவிட்டு இவர் பாட்டுக்கு கித்தார் வாசித்துக்கொண்டிருக்கிறாரே என்று. பல பாட்டுகளில் ஒரு கித்தார், ஒரு குரல், அவ்வப்போது மவுத்தார்கன், அவ்வளவுதான். சிலவற்றில் பேஸும் டிரம்ஸும் உண்டு. அவையும் பக்கத்து அறையில் யாரோ வாசிக்கிற மாதிரி அடக்கமாக இருக்கின்றன. எதற்கும் அவசரமில்லை. நம் காதுகளுக்குப் பழகிய 'பில்டப்' எதுவும் கிடையாது. பாட்டு ஆரம்பித்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் புரிந்தது, இது மேடையில் வாசிக்கிற வாசிப்பு அல்ல. திண்ணையில் உட்கார்ந்து தனக்காக வாசித்துக்கொள்வது. உலகம் முழுக்க அவரை மவுத்தார்கன் ஆளாகத்தான் தெரியும். கித்தாரை முந்தைய ஆல்பங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டிருக்கிறார். அதை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முழு ஆல்பம் போட 78 வயது ஆகியிருக்கிறது.

கதையைக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன்.

மஸ்ஸெல்வொயிட் பிறந்தது 1944 ஜனவரியில், மிசிசிப்பி மாநிலத்தின் கோசியஸ்கோ என்ற சிற்றூரில். கறாராகப் பார்த்தால் அது டெல்டா அல்ல, டெல்டாவுக்குக் கிழக்கே உள்ள மேட்டு நிலம். டெல்டா என்றதும் நமக்கு ஆறு கடலில் கலக்கிற இடம், தஞ்சாவூர்ப் பக்கம் என்று தோன்றும். ப்ளூஸ்காரர்கள் சொல்லும் டெல்டா அது இல்லை. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே, மாநிலத்தின் வடமேற்கில் சுமார் 200 மைல் நீளத்துக்குக் கிடக்கிற தட்டையான கரிசல் மண். கடல் அங்கிருந்து வெகுதூரம். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல், அதில் பருத்தி, பருத்தியைத் தவிர வேறெதுவும் இல்லை என்கிற அளவுக்குப் பருத்தி.

மூன்று வயதில் குடும்பம் மெம்ஃபிஸ் நகரத்துக்கு வந்துவிட்டது. இளவயதில் அவர் ஒரு காரியம் செய்தார். 1920களில் இசைத்தட்டு கொடுத்துவிட்டு உலகம் மறந்துபோன கறுப்பின இசைக்காரர்கள் பலர் அதே ஊரில் முதியவர்களாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஃபரி லூயிஸ், வில் ஷேட், கஸ் கேனன். இதில் ஃபரி லூயிஸ் விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 1927லிருந்து இசைத்தட்டுகள் வெளியிட்டவர். ஒரு கால் மரக்கால். மெம்ஃபிஸ் நகராட்சியில் தெரு கூட்டுகிற வேலையைப் பல பத்தாண்டுகள் பார்த்து 1966ல் ஓய்வு பெற்றார். பகலில் அவர் தெரு கூட்டுவார், வேலை முடிந்தபின் இந்தப் பையன் வந்து பக்கத்தில் உட்காருவான். 'மிசிசிப்பி சன்'னில் கேட்கிற கித்தார் அந்தத் திண்ணையில் கற்றது.

1962ல் பதினெட்டு வயதுப் பையனாக சிகாகோ போகிறார், தொழிற்சாலை வேலை தேடி. இசைக்காரன் ஆகவேண்டும் என்ற எண்ணமே இல்லை. கிடைத்தது பூச்சிமருந்து அடிக்கிறவரின் வண்டியை ஓட்டுகிற வேலை. அந்த வண்டியில் ஊர் சுற்றும்போதுதான் ப்ளூஸ் கிளப்புகளின் விளம்பரப் பலகைகள் கண்ணில் படுகின்றன. இசைத்தட்டில் மட்டும் கேட்ட பெயர்களெல்லாம் அதே ஊரில், அதே வாரத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்! மடி வாட்டர்ஸ் வாசிக்கிற 'பெப்பர்ஸ் லவுஞ்ஜு'க்கு வாடிக்கையாகப் போக ஆரம்பித்தார், பாட்டுக் கேட்க மட்டும். இந்தப் பையனுக்கு மவுத்தார்கன் வரும் என்று அங்கே வேலை பார்த்த பணிப்பெண் ஒருநாள் மடி வாட்டர்ஸிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். மேலே வா என்றார் மடி. அன்றிலிருந்து ஆரம்பித்தது. 1967ல் முதல் ஆல்பம். இசைத்தட்டுக் கடை ஒன்றின் அடித்தளத்தில், பிக் ஜோ வில்லியம்ஸ் என்ற டெல்டா பாடகரோடு தங்கியிருந்த காலமும் உண்டு. பிக் ஜோ சாதாரண ஆள் இல்லை. ஒன்பது தந்தி போட்ட கித்தார் வாசித்தவர். ஆறு தந்தியே நமக்குத் தகராறு.

இப்போது மவுத்தார்கனைப் பற்றிக் கொஞ்சம். (இந்தப் பத்தி பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். எனக்குப் பிடித்ததே இதுதான்.)

ப்ளூஸ்காரர்கள் வாசிப்பது பத்துத் துளை மவுத்தார்கன். உள்ளே இருபது உலோக நாக்குகள். ஒவ்வொரு துளைக்கும் ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் ஒன்று. இதை லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க அனுப்பியது ஜெர்மனியின் ட்ரோஸிங்கன் என்ற ஊரில் 1857ல் தொடங்கிய ஹோனர் கம்பெனி. அவர்களுடைய 'மரீன் பேண்ட்' மாடல் 1896ல் வந்தது. ஐரோப்பிய நாட்டுப்பாட்டுக்கும் நடன மெட்டுக்கும் ஏற்றபடி அமைத்த வாத்தியம். ஸி சுருதி மவுத்தார்கனை எடுத்து எங்கே ஊதினாலும் ஸி மேஜர் சந்தோஷமாக வரும். தப்பு செய்யவே முடியாது. அழவும் முடியாது.

அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் இதைத் தலைகீழாக ஆக்கினார்கள். ஸி மவுத்தார்கனை வைத்துக்கொண்டு ஜி சுருதியில் வாசித்தார்கள். அதாவது ஊதுவதைக் குறைத்து உறிஞ்சுவதை முக்கியமாக்கினார்கள். உறிஞ்சும்போது வாய்க்குள் நாக்கின் இடத்தை மாற்றினால் ஸ்வரம் கீழே வளையும். மூன்றாவது துளையில் மட்டும் அரை அரையாக மூன்று படி இறக்கலாம். அந்த ஸ்வரங்கள் அந்த வாத்தியத்தில் இல்லவே இல்லை, செய்தவன் வைக்கவே இல்லை. வாசிப்பவனின் தொண்டையும் மூச்சும் சேர்ந்து உள்ளே இருக்கிற இரண்டு நாக்குகளையும் ஏமாற்றி வரவழைப்பவை. பாடுகிறவன் மூச்சை வெளியே விட்டுப் பாடுகிறான். இந்த வாத்தியத்தில் அழுகை உள்மூச்சில் வருகிறது. தேம்பித் தேம்பி அழுகிற குழந்தையைக் கவனித்தால் தெரியும், தேம்பல் உள்மூச்சுதான்.

பிறகு சிகாகோவில் லிட்டில் வால்ட்டர் என்ற மேதை, மைக்கை மவுத்தார்கனோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபையரில் செருகி, அதை சாக்ஸஃபோன் அளவுக்குப் பெரிதாக்கினார். 1952ல் வந்த அவருடைய 'ஜூக்' எந்தப் பாடலும் இல்லாத வெறும் வாத்திய இசை, பட்டியலில் முதலிடம் பிடித்தது. மஸ்ஸெல்வொயிட் அந்தப் பள்ளியில் தேர்ந்தவர். ஆனால் இந்த ஆல்பத்தில் அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, மின்சாரத்துக்கு முந்தைய டெல்டாவுக்குப் போகிறார். வேண்டுமென்றே சின்னதாக வாசிக்கிறார்.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான் ஆல்பம் பதிவான ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஊர் பெயர் கிளார்க்ஸ்டேல். டெல்டாவின் நடுவே இருக்கிறது. கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகள் இருந்த மஸ்ஸெல்வொயிட், வயதான காலத்தில் மனைவியோடு இங்கே குடிவந்துவிட்டார். மடி வாட்டர்ஸ் வளர்ந்த ஸ்டோவல் பண்ணை இதற்குப் பக்கம்தான். ஜான் லீ ஹூக்கரும் இந்தப் பக்கத்து ஆள். (மஸ்ஸெல்வொயிட் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் ஹூக்கர்தான்.) இதையெல்லாம் படித்துக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. ஒரு காஸ்ட் ஷீட்.

நான் படிப்பது பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எங்களுக்கு ஒரு கணக்கு வரும். ஆள் வைத்துச் செய்தால் யூனிட்டுக்கு இவ்வளவு செலவு, எந்திரம் வைத்தால் இவ்வளவு, நிர்வாகம் என்ன முடிவு எடுக்க வேண்டும்? பத்து மார்க். போன செமஸ்டரில் எழுதி ஒன்பது வாங்கினேன். கடைசி வரியில் 'ஆகவே எந்திரத்தை வாங்குவதே லாபகரமானது' என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கணக்கின் நிஜ வடிவம் கிளார்க்ஸ்டேலில் நடந்திருக்கிறது. ஊருக்கு வெளியே ஹாப்சன் பண்ணை. 1944 அக்டோபர் 2ஆம் தேதி, பருத்தி எடுக்கும் எந்திரங்களை ஊர் கூட்டிக் காட்டினார்கள். விதைப்பதிலிருந்து எடுப்பது வரை எல்லாம் எந்திரம்தான். நல்ல கைப்பழக்கம் உள்ள ஆள் ஒரு மணி நேரத்தில் சுமார் 20 பவுண்டு பருத்தி எடுப்பார். எந்திரம் ஆயிரம் பவுண்டு வரை எடுத்தது. பண்ணையார் கணக்குப் போட்டு வைத்திருந்தார்: ஒரு பேல் பருத்தியைக் கையால் எடுக்க 39 டாலர் 41 சென்ட், எந்திரத்தால் எடுக்க 5 டாலர் 26 சென்ட்.

34 டாலர் 15 சென்ட் மிச்சம். பத்துக்கு ஒன்பது மார்க். ஐம்பது ஆளுக்கு ஒரு எந்திரம்.

அந்த ஐம்பது பேர் யார்? கறுப்பின வாரச் சாகுபடிக்காரர்கள். நிலம், கோவேறு கழுதை, விதை, குடிசை எல்லாம் பண்ணையாருடையது. விளைச்சலில் பாதி இவருக்கு என்று பேச்சு. விதைப்பிலிருந்து அறுவடை வரை சாப்பாட்டுக்கும் துணிக்கும் பண்ணைக் கடையில் கடன். கணக்குப் புத்தகம் பண்ணையாரிடம் இருக்கும், வட்டி அவர் சொன்னது. வருஷக் கடைசியில் 'செட்டில்மெண்ட்' நாளன்று போய் நின்றால் உனக்குப் பாக்கி ஒன்றுமில்லை, நீதான் தரவேண்டும் என்பார்கள். எதிர்த்துக் கேட்க முடியாது. கேட்டவன் உயிரோடு ஊரில் இருக்க முடியாத காலம். கணக்குப் புத்தகம் என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று எங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

எந்திரம் வந்ததால்தான் எல்லோரும் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே கிளம்பியவர்கள் ஏராளம். மடி வாட்டர்ஸ் சிகாகோ போனது 1943ல், எந்திரம் ஓடுவதற்கு முன்பு. 1910லிருந்து 1970 வரை தெற்கை விட்டு வடக்கே போன கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் என்கிறார்கள். ஆனால் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வசதியை எந்திரம் எடுத்துவிட்டது. அந்த எந்திரம் ஓடிய வருஷமும் மஸ்ஸெல்வொயிட் பிறந்த வருஷமும் ஒன்று, 1944. இதில் அர்த்தம் ஏதும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு ஆல்பம் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

உதாரணமாக 'பீ வைன் ப்ளூஸ்'. சார்லி பாட்டன் 1929ல் பதிவு செய்த பாட்டு. பாட்டன் வாழ்ந்த டாக்கரி பண்ணையிலிருந்து வெளியே போகிற சின்னக் கிளை ரயில்பாதையின் செல்லப்பெயர்தான் பீ வைன். முதலில் கேட்டபோது ரயில் பாட்டு, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது அந்த ரயில் என்னவென்று தெரியும். பண்ணையின் கணக்குப் புத்தகத்திலிருந்து வெளியே போக இருந்த ஒரே கதவு அது. ஆல்பத்தில் ரயில், ஆறு, சாலை, ஊர் ஊராக அலைவது என்று திரும்பத் திரும்ப வருவது ஸ்டைலுக்காக இல்லை.

இதை என் அறை நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்டான், "எல்லாம் சரிடா, பாடுறது ஒரு வெள்ளைக்காரர்தானே?"

ஆமாம். மஸ்ஸெல்வொயிட் வெள்ளைக்காரர். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியவில்லை. நிறத்தால் பிரித்து வைத்திருந்த மெம்ஃபிஸில் அவர் ஃபரி லூயிஸ் வீட்டுக்குப் போய் உட்கார முடிந்தது. ஃபரி லூயிஸ் அதே மாதிரி ஒரு வெள்ளைக்காரர் வீட்டு முன்கதவைத் தட்டியிருக்க முடியாது. லிட்டில் வால்ட்டர் 1968ல் 37 வயதில் செத்துப்போனார். மஸ்ஸெல்வொயிட் 2014ல் பென் ஹார்ப்பரோடு சேர்ந்து கிராமி வாங்கினார். இந்த வித்தியாசத்தை மஸ்ஸெல்வொயிட் உண்டாக்கவில்லை, ஆனால் அது இருக்கிறது. இன்னொரு பக்கம், அவர் கறுப்பர்களின் இசையை இசைத்தட்டிலிருந்து திருடியவரும் இல்லை. அழைத்தால் மேடையேறினார், மற்ற நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கூடத் தங்கினார். யாரிடம் எதைக் கற்றேன் என்று அறுபது வருஷமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிளார்க்ஸ்டேலில் 1999ல் பிறந்த கிங்ஃபிஷ் இங்க்ராம் என்ற கறுப்பின இளைஞர் '662' என்று அந்தப் பகுதியின் தொலைபேசிக் குறியீட்டையே பெயராக வைத்து ஆல்பம் போட்டு 2022ல் கிராமி வாங்கினார். மஸ்ஸெல்வொயிட்டின் இந்த ஆல்பத்தை வெளியிட்ட அதே அலிகேட்டர் கம்பெனிதான் அதையும் வெளியிட்டது. ஆக, இசை அந்த ஊரில் உரிமைக்காரர்களிடமும் இருக்கிறது. நண்பன் இதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ அவரோட ரசிகன், அப்படித்தான் பேசுவ" என்றான். இருக்கலாம்.

ஆல்பத்தில் இருட்டு நிறைய இருக்கிறது. பாட்டுத் தலைப்புகளிலேயே மூன்று தடவை வருகிறது. அதில் 'தி டார்க்', கை கிளார்க் எழுதியது. பாடுவதற்கும் பேசுவதற்கும் நடுவில் அதைச் சொல்லிக்கொண்டே போகிறார். இந்த மனிதரின் அம்மா 2005ல் மெம்ஃபிஸில் தன் வீட்டிலேயே, திருட வந்தவனால் கொல்லப்பட்டார். அதற்கு முன்பு இவர் பெருங்குடிகாரர். 1987 அக்டோபரில் டெக்சாஸில் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று கிணற்றுக் குழாயில் விழுந்து 58 மணி நேரம் சிக்கிக்கொண்டது. கச்சேரிக்குக் காரில் போய்க்கொண்டே ரேடியோவில் அதைக் கேட்ட மஸ்ஸெல்வொயிட், அந்தக் குழந்தை வெளியே வரும்வரை குடிக்க மாட்டேன் என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டார். குழந்தை உயிரோடு வந்தது. இவர் அதோடு குடியை விட்டார். இதெல்லாம் தெரிந்தபின் அந்தக் குரல் ஏன் எதையும் உயர்த்திச் சொல்வதில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்குப் பிடித்தது 'ரிமெம்பரிங் பிக் ஜோ'. பாடலே கிடையாது, கித்தார் மட்டும். கடையின் அடித்தளத்தில் கூடத் தங்கிய அந்த ஒன்பது தந்திக்காரரின் நினைவாக, அவரிடமிருந்த பழைய கித்தார் ஒன்றிலேயே வாசித்தது. அதில் அங்கங்கே தந்தி கரகரக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், நல்லவேளை.

ஹாப்சன் பண்ணைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்றும் தேடிப் பார்த்தேன். வாரச் சாகுபடிக்காரர்கள் வாழ்ந்த மாதிரியான குடிசைகளை 1990களின் கடைசியில் சுற்றுலா விடுதி ஆக்கிவிட்டார்கள். பெயர் 'ஷாக் அப் இன்'. வெளியே துருப்பிடித்த தகரம், உள்ளே குளியலறை, ஏசி. ப்ளூஸ் கேட்க வருகிறவர்கள் ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள். 1944ல் செலவுப் பக்கத்தில் இருந்த குடிசை இப்போது வரவுப் பக்கத்துக்கு வந்துவிட்டது. தங்கப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. காசு இருந்தால் நானே முதல் ஆளாகப் போவேன். ஆனால் அங்கே எனக்குத் தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

போன மாதம் பத்துத் துளை மவுத்தார்கன் ஒன்று வாங்கினேன். ஸி சுருதி. இரண்டாவது துளையை உறிஞ்சினால் காற்றுதான் வருகிறது. மூன்றாவது துளையில் மூன்று படி இறங்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, முதல் படி மட்டும் சில நாள் வருகிறது. மற்ற இரண்டுக்கும் பரீட்சை முடிந்துதான் உட்கார வேண்டும். நண்பன் அதுவரைக்கும் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் வாசி என்று சொல்லிவிட்டான்.